மோட்டார் இயந்திரத்தின் மூச்சு



அடுக்களைக்குப் புகைபோக்கி வைக்காமல் வீடு கட்டுவார் இலர். அடுப்பு எரிந்தால் புகை உண்டாகும். உண்டான புகைக்கு வழி வேண்டும். வழி விடாவிட்டால் அது சமைப்பவரின் கண்ணையும் மார்பையும் தேடி வரும். இதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், மோட்டார் வண்டியின் முன்மூடிக்குக் கீழே நான்கு அடுப்புகள் எரிகின்றன என்பதையும், அவற்றின் புகையில் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பதையும் நாம் ஏனோ எளிதில் மறந்துவிடுகிறோம். வண்டியின் பின்புறத்திற் புகை கக்கும் பெரிய குழாயை எல்லோரும் அறிவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, பலரும் அறியாத ஒரு சிறு குழாயைப் பற்றி. இயந்திரத்தின் அடிப்பெட்டி மூச்சு விடும் குழாய் அது. கராஜ்களில் அதனைப் 'பிறீதர்' என்பார்கள்.

சொறிக்கல்முனை என்ற ஊரை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள். அறியாதார் பொருட்டுச் சொல்கிறேன். அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக் கரையோரப் பட்டினங்களுக்கு மேற்கே, வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்த தமிழூர் அது. அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர் பெற்றது. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனையைத் தாண்டி அப்பக்கம் செல்பவர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். மாரி மழை பெருகிய காலங்களில் அத்தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்பட்டமை பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. நான் சொல்லப்போகும் கதை நடந்ததும் அந்த இடத்திலேதான்.

என் நண்பர் ஒருவர் அப்பகுதியில் ஆசிரியராக இருக்கிறார். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற 'மொறிஸ் மைனர்' வண்டி ஒன்று அவர்கள் வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்குவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்கெல்லாம் புது மதிப்பு உண்டாயிற்று. நண்பரும் தந்தையாரின் வண்டியை எழுப்ப எண்ணினார். அதன் இயந்திரமோ பழுதுபார்க்கும் நிலையைக் கடந்திருந்தது. எனவே புதிதாக ஓர் இயந்திரத்தையே ஆக்குவது என்று முடிவாயிற்று. ஒரு வண்டியிலிருந்து 1098 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள அடிக்கட்டை வந்தது. இன்னொன்றிலிருந்து தலைப்பாகம் வந்தது. கார்புரேட்டர் வேறோரிடத்திலிருந்து வந்தது. உருளைகளைக் கடைந்து அகலமாக்கி, ஓரளவு பெரிய பிஸ்டன்கள் பூட்டப்பட்டன. மேல்மூடி கண்ணாடிபோல் மினுக்கப்பட்டது.

ஆக்கியவர் கைத்திறன் உள்ளவரே. ஆனால் அடிக்கட்டையின் பக்கத்து மூடியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கிய ஒரு குழாய் அவர் கண்ணுக்கு அழகற்றதாகத் தோன்றியது. அதன் வாயில் எப்போதும் ஒரு சொட்டு ஒயில் தேங்கி நின்றது. "ஒழுகுகிற குழாய் எதற்கு?" என்று அதனை அகற்றித் துவாரத்தை அடைத்துவிட்டார். புதிதாக மினுக்கிய மேல்மூடியிலும் காற்றுக் குழாய்க்கு இடம் வைக்கவில்லை.

வண்டி நன்றாகவே ஓடியது. இரண்டு வாரங்கள் கழிந்தன. இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலிருந்து ஒயில் கசியத் தொடங்கிற்று. கஸ்கற் மாற்றினார்கள், பசை பூசினார்கள், ஆணிகளை இன்னும் இறுக்கினார்கள். ஓரிடத்தில் அடைக்க வேறோரிடத்தில் ஒழுகியது. அளவு பார்க்கும் கம்பிகூட ஓடும்போது தானே மேலெழுந்து துள்ளியது.

கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில் நண்பர் தம் தாயாரைக் கல்முனைக்கு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். திரும்பும்போது தாம்போதியின்மேல் நீர் ஏறியிருந்தது. ஆழம் அதிகமில்லை என்று நம்பி வண்டியை இறக்கினார். நடுவழியில் இயந்திரம் உறுமியது, சக்கரங்களோ அசையவில்லை. கசிந்த ஒயில் கிளச்சுத் தட்டில் ஊறி, பிடிமானத்தை முற்றாக வழுக்கச் செய்துவிட்டது. முதிய தாயார் பின்னாசனத்தில் இருக்க, நீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடிய அந்தக் கால் மணி நேரத்தை நண்பர் இன்றும் மறக்கவில்லை. வயலிலிருந்து திரும்பிய உழவு இயந்திரம் ஒன்று வண்டியைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

மறுநாள் மருதமுனையிலிருந்து வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் ஒரு திருகாணியையும் தொடவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். உள்ளிருந்து காற்று கையைத் தள்ளியது.

"இதுக்கு ஒழுக்கு வருத்தம் இல்ல, சேர். மூச்சு முட்டுது" என்றார்.

"என்ன காக்கா சொல்றீங்க? புது றிங் போட்ட எஞ்சினுக்கா?" என்று நண்பர் வியந்தார்.

"புதுசோ பழசோ, மூக்கைப் பொத்தினா யாருக்கும் முட்டும்தானே, சேர்!"

நேயர்களே, அந்த முதியவர் சொன்ன ஒரு வாக்கியத்துள் இந்தப் பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பிஸ்டன் உருளைக்குள் மேலும் கீழும் ஓடுவது. அது ஓட வேண்டுமானால் அதற்கும் உருளைச் சுவருக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியை மூடுவன றிங்குகள் எனப்படும் உலோக வளையங்கள். வளையமும் வெப்பத்தில் விரியும். ஆதலால் அதன் இரு முனைகளுக்கிடையே ஒரு சிறு வெட்டு விடப்பட்டிருக்கும். எரிபொருள் தீப்பற்றி அமுக்கம் உயரும்போது, அவ்வெட்டின் வழியாகவும் வளையத்தின் ஓரங்களின் வழியாகவும் சிறிதளவு வாயு கீழே தப்பிச் சென்றே தீரும். இயந்திரம் இன்று பூட்டியதாக இருந்தாலும் இது நிகழும். பழசானால் அதிகமாக நிகழும்.

எவ்வளவு தப்பும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1098 கன சென்றிமீற்றர் இயந்திரம் நிமிடத்துக்கு 4000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடந்தோறும் 2000 லீற்றருக்குக் குறையாத இடத்தைக் காற்றுக்காகத் திறந்து வைக்கிறது. உள்ளே போனதில் நூற்றில் ஒரு பங்கு கீழே கசிந்தாலும், நிமிடத்துக்குப் பதினைந்து இருபது லீற்றர் வாயு அடிப்பெட்டியை வந்தடையும். வழி அடைபட்ட பெட்டிக்குள் இத்தனை வாயுவை ஊதினால் என்ன ஆகும்? எந்த இடம் வலுக்குறைந்ததோ அந்த இடத்தை அது உடைத்துக்கொண்டு வரும். கஸ்கற், ஒயில் சீல், அளவுக் கம்பியின் துவாரம் என்று அது பல வழிகளைத் தேடும்.

மொறிஸ் மைனர் இயந்திரத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் கிராங்குத் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டைச் சுற்றித் திருகாணிப் புரிபோல ஒரு வரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அப்புரி ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். உள்ளே அமுக்கம் ஏறாதிருக்கும் வரையிலேயே இந்த உபாயம் பலிக்கும். உள்ளே அமுக்கம் ஏறினால் புரி தோற்றுவிடும். ஒயில் கிளச்சை நோக்கி நடக்கும். நண்பரின் வண்டிக்கு நேர்ந்தது அதுவே. கண்ணுக்கு அழகற்றுத் தொங்கிய அந்தக் குழாய், தாயையும் மகனையும் வெள்ளத்தில் நிறுத்தாமல் காத்துவந்த குழாய்.

ஒழுக்கு மட்டுமன்று, இன்னொரு கேடும் இதில் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அது ஆவியாகப் பின்குழாய் வழியே போய்விடுகிறது. அடிப்பெட்டிக்குள் கசியும் வாயுவிலும் அந்த நீராவியில் ஒரு பங்கு இருக்கும். எரியாத பெற்றோலும் அமிலத்தன்மை கொண்ட பொருள்களும் இருக்கும். இவை வெளியேறாவிட்டால் ஒயிலோடு கலந்து பால் தேநீர் நிறத்தில் ஒரு களியாகத் திரளும். கடைத்தெரு வரை போய்வந்து நிறுத்தப்படும் வண்டிகளில், ஒயில் மூடியின் அடியில் இக்களி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒயில் செல்லும் நுண்ணிய வழிகளை அடைத்து, போரிங்குகளைத் தேயச் செய்துவிடும்.

இந்த மூச்சுக்கு வழிசெய்யும் முறைகள் மூன்று. முதலாவது, மேல்மூடியில் ஒரு துவாரமும் அதன்மேல் ஒரு சிறு வடிகட்டியும் வைத்து விட்டுவிடுவது. இது எளிது. ஆனால் புகை வெளியேறுமேயன்றி, புதிய காற்று உள்ளே சென்று பெட்டியைக் கழுவாது.

இரண்டாவது, பழைய வண்டிகளில் இருந்த தொங்கு குழாய். அதன் வாய் வண்டியின் அடியில், சாய்வாக வெட்டப்பட்டுப் பின்னோக்கி இருக்கும். வண்டி ஓடும்போது வாயைக் கடந்து வீசும் காற்று உள்ளிருந்து வாயுவை இழுத்துவிடும். இதில் இரண்டு குறைகள். வண்டி நின்றால் இழுப்பும் நின்றுவிடும். நீரில் இறங்கினால் குழாயின் வாய் மூழ்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் ஆழமான நீரைக் கடக்க வேண்டியிருந்த போர்வாகனங்களுக்கு இக்குறை பெரும் இடையூறாயிற்று. ஆகவே வாயுவை வெளியே விடாமல் இயந்திரத்தின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பும் மூன்றாவது முறை அவற்றிற் கையாளப்பட்டது.

போருக்குப் பின் அம்முறைக்கு வேறொரு தேவையும் தோன்றியது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலீஸ் நகரை மூடிய புகைமூட்டம், வாகனங்களிலிருந்து வரும் எரியாத எரிபொருள் ஆவி வெயிலில் மாற்றமடைவதால் உண்டாவது என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயன அறிஞர் விளக்கினார். அந்த ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த அடிப்பெட்டிக் குழாயிலிருந்தே வந்தது. எனவே கலிபோர்னியாவில் விற்கப்பட்ட 1961ஆம் ஆண்டு மாதிரிப் புதிய கார்களில், வாயுவைத் திருப்பி எரிக்கும் வால்வு பூட்டப்பட்டது. இரண்டாண்டுகளில் அது அமெரிக்கா முழுவதும் பரவிற்று. கார்களின் புகைக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளில் முதன்மையானது அதுவே.

இந்த வால்வின் வேலை நுட்பமானது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது உறிஞ்சு குழாயில் இழுப்பு வலுவாக இருக்கும், கசிவோ குறைவு. அவ்வேளையில் வால்வின் உள்ளே உள்ள ஊசி இழுபட்டு வழியை ஒடுக்கிவிடும். சுமையேறி ஓடும்போது இழுப்பு தளரும், கசிவு கூடும். அப்போது சுருள்வில் ஊசியைத் தள்ளி வழியை அகலத் திறக்கும். இயந்திரம் பின்னோக்கி வெடித்தால் ஊசி வழியை மூடி, தீ அடிப்பெட்டிக்குள் புகாமல் தடுக்கும். அடிப்பெட்டிக்குள் தீப்பிடிப்பது சிறு விஷயமன்று. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி, 'றெயினா டெல் பசிபிக்கோ' என்ற கப்பல் வட அயர்லாந்துக்கு அப்பால் வெள்ளோட்டம் விடப்பட்டபோது, அதன் இயந்திரங்களின் அடிப்பெட்டிகளில் ஒயில் ஆவி வெடித்து 28 பேர் மாண்டனர். கப்பல் இயந்திரம் வேறு, கார் இயந்திரம் வேறு என்றாலும், அடைபட்ட ஒயில் ஆவி என்பது விளையாட்டுப் பொருளன்று என்பதற்கு அது சான்று.

இனி, பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து இயந்திரம் ஆக்குவோர் கவனிக்க வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வழிகள் வேண்டும்: ஒன்று புதிய காற்று உள்ளே வர; மற்றது பழைய வாயு வெளியேற. இரண்டும் அருகருகே இருந்தால், வந்த காற்று பெட்டியைச் சுற்றாமலே போய்விடும். ஒன்று மேல்மூடியிலும் மற்றது அடிக்கட்டையின் பக்கத்து மூடியிலும் அமைவது நன்று. காற்று வரும் குழாயை, கார்புரேட்டருக்குக் காற்றை வடிகட்டும் பெட்டியோடு இணைத்துவிட வேண்டும். அப்படி இணைத்தால் உள்ளே போவது தூசற்ற காற்றாக இருக்கும். முழுச் சுமையில் வால்வினால் இழுத்து முடியாத வாயு, அதே குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து, கார்புரேட்டருக்குட் சென்று எரிந்துவிடும்.

இரண்டாவதாக, வாயு வெளியேறும் துவாரத்தின் உட்புறத்தில் ஒரு தகட்டுத் தடுப்பு இருக்க வேண்டும். தடுப்பு இல்லையேல், உள்ளே தெறிக்கும் ஒயிலையும் வாயுவோடு சேர்த்து இயந்திரம் குடிக்கும். பின்குழாய் நீலப்புகை கக்கும். இடையில் ஒரு சிறு தகரக் குவளையை வைத்து, அதனுள் துருப்பிடிக்காத கம்பிச் சுருளை நிரப்பினால், ஒயில் துளிகள் அதில் ஒட்டி வடிந்துவிடும். கம்பியின் துணுக்குகள் குழாயுள் போகாதபடி இருபுறமும் வலை வைத்துக் கட்டுவது அவசியம்.

மூன்றாவதாக, குழாய். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை உபயோகிப்போர் இருக்கிறார்கள். அது ஒயிலில் ஊறி இளகும். சூட்டில் தட்டையாகி வழியை அடைக்கும். ஒயிலைத் தாங்கும் தடித்த ரப்பர் குழாயே வேண்டும். அது இயந்திரத்திலிருந்து ஏறுமுகமாகவே குவளைக்குச் செல்லட்டும். நடுவே தொய்ந்து வளைந்தால், அந்த வளைவில் நீரும் ஒயிலும் தேங்கி வழியடைக்கும்.

நான்காவதாக, வால்வு. ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள இயந்திரத்தின் வால்வையே தெரிவு செய்ய வேண்டும். பெரிய இயந்திரத்தினதைப் பூட்டினால் அதிகக் காற்று உட்புகுந்து, மெதுவோட்டம் தடுமாறும். எதைப் பூட்டினாலும், பூட்டிய பின் கார்புரேட்டரின் கலவையை மீண்டும் சரிசெய்தாக வேண்டும். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ பூட்டிய இயந்திரமானால், அமுக்கிய காற்று அடிப்பெட்டிக்குள் திரும்பிப் புகாதபடி, ஒருவழி வால்வு ஒன்றும் இறுக்கமாக மூட வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதனை. இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, புதிய காற்று வரும் குழாயைத் தற்காலிகமாக மூடுங்கள். ஒயில் மூடியைத் திறந்து அவ்வாயில் ஒரு கடதாசித் துண்டை வையுங்கள். கடதாசி மெல்ல ஒட்டிக்கொண்டால் மூச்சு சரியாக நடக்கிறது. துள்ளி விழுந்தால் எங்கோ அடைப்பு உண்டு. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஊசி ஆடும் ஓசை கேட்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தும் வாயு தள்ளிக்கொண்டே வந்தால், குற்றம் றிங்குகளில் அல்லது உருளைகளில். அதனைக் குழாயினால் மறைக்க முயல்வது வீண்.

டீசல் இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூச்சுக் குழாயைக் காற்று உறிஞ்சும் வழியோடு இணைத்த டீசல் இயந்திரங்களில், ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால், இயந்திரம் தன் ஒயிலையே எரிபொருளாக உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கக்கூடும். அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று புகும் வாயை ஒரு தட்டையான பலகையால் அடைத்தால் நிற்கும். கையால் மூட ஒருபோதும் முயலாதீர்கள். இந்த ஆபத்தைக் குறைக்க, ஒயில் அளவுக் கம்பியின் மேற்கோட்டைத் தாண்டாதிருத்தல் வேண்டும்.

என் நண்பரின் வண்டிக்குத் திரும்புவோம். மருதமுனைப் பெரியவர் அடைத்திருந்த துவாரத்தைத் திறந்தார். மேல்மூடியில் ஒரு குழாய் வாயை ஒட்டுவித்து, அதனைக் காற்று வடிகட்டியுடன் இணைத்தார். பக்கத்து மூடியிலிருந்து ஒரு குவளை வழியாக வால்வுக்குக் குழாய் ஓட்டினார். தொங்கு குழாயை மீண்டும் பூட்டாததன் காரணத்தை நண்பர் கேட்டபோது, பெரியவர் தாம்போதியின் பக்கமாகக் கையைக் காட்டினார். ஒயில் ஊறிய கிளச்சுத் தட்டு மாற்றப்பட்டது. கஸ்கற் ஒன்றுகூட மாற்றப்படவில்லை. கசிவு நின்றுவிட்டது.

கைவேலை செய்வோர் பலரிடம், ஒழுக்கைக் கண்டால் உடனே அடைக்கப் பார்க்கும் பழக்கம் உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதோடு, எதனால் தள்ளப்படுகிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால், எவ்வளவோ பணமும் காலமும் மிஞ்சும். நேயர்களே, அடுத்த முறை உங்கள் வண்டியின் முன்மூடியைத் திறக்கும்போது, அந்தச் சிறு குழாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதன் வாய் அடைபட்டிருந்தால், பயணம் புறப்படுமுன் திறந்துவிடுங்கள்.